முதுகெலும்பும் இடுப்பெலும்பும்: ரண சிகிச்சையின் பயனும் உபாதையும்

பாஸ்டன் நகரத்து ரண வைத்தியரான எர்னஸ்ட் காட்மன், தாம் நடத்திவந்த சிறு மருத்துவமனையிலிருந்து 1911 முதல் 1916 வரை வீடு திரும்பிய 337 நோயாளிகளைப் பின்தொடர்ந்து விசாரித்து, அவர்களுடைய சிகிச்சையில் நேர்ந்த 123 பிழைகளைத் தாமே அச்சிட்டு ஊரறிய வெளியிட்டபோது, சகவைத்தியர்களில் அவரைப் போற்றியவர்களைக் காட்டிலும் வெறுத்தவர்களே அதிகமாயிருந்தார்கள். காயம் ஆறித் தையல் பிரிந்ததோடு வைத்தியரின் பொறுப்பு தீர்ந்துவிடுவதில்லை என்பதும், ஒவ்வொரு நோயாளியும் நெடுநாள் கழித்து எந்த நிலையில் இருக்கிறார் என்று கேட்டறிந்த பிறகே சிகிச்சை பலித்ததா இல்லையா என்று தீர்மானிக்க வேண்டும் என்பதும் அவருடைய கொள்கை. ஒரு நூற்றாண்டுக்குப் பின்னும் அந்தக் கொள்கை எல்லாத் துறைகளிலும் ஒரே அளவில் வேரூன்றிவிடவில்லை. முதுகெலும்பிலும் இடுப்பெலும்பிலும் செய்யப்படும் எலும்புச் சிகிச்சைகளைப் பற்றி எழுகிற வாதப் பிரதிவாதங்கள் பெரும்பாலும் அந்தக் கேள்வியைச் சரியாகக் கேளாததன் விளைவே என்று சொல்லலாம்.

இவ்விரண்டு அங்கங்களையும் ஒரே கட்டுரையில் சேர்த்து நோக்குவதற்குத் தக்க காரணம் உண்டு. பிரெஞ்சு எலும்பு வைத்தியரான ழான் துபூசே, இடுப்பெலும்பு முழுவதையும் முதுகெலும்பின் கடைசிக் கண்ணியாகவே கருத வேண்டும் என்று கூறினார். மேலே உள்ள பாரம் கால்களுக்கு இறங்கும் வழியில் அந்த வளையம் அமைந்திருப்பதால், ஒன்றில் நேரும் மாற்றம் மற்றொன்றைப் பாதிக்காமல் விடுவதில்லை. ஆயினும் ரண சிகிச்சையைப் பொறுத்தவரை இரண்டும் வெவ்வேறு கேள்விகளை எழுப்புகின்றன. தேய்மானத்தால் வரும் முதுகுவலியில், கத்தியை எடுக்கத்தான் வேண்டுமா என்பதே முதற் கேள்வி. விபத்தில் உடைந்து இடம்பெயர்ந்த இடுப்பெலும்பிலோ அந்தச் சந்தேகம் அரிதாகவே எழுகிறது. எவ்வளவு விரைவாக, எத்தனை துல்லியமாகப் பொருத்துவது என்பதே அங்கே பிரதானம். பயனையும் உபாதையையும் எடைபோடும்போது இந்த வேறுபாட்டை மனத்தில் இருத்திக்கொள்ளாவிட்டால், கையில் உள்ள எண்கள் நம்மைத் தவறான முடிவுக்கே இட்டுச் செல்லும்.

உபாதைகளை எண்ணும் முறை

முதுகெலும்பு ரண சிகிச்சையில் எத்தனை பேருக்கு உபாதை நேர்கிறது என்ற எளிய வினாவுக்குக்கூட ஒரே விடை கிடைப்பதில்லை. 105 ஆய்வுகளில் இடம்பெற்ற 79,471 நோயாளிகளின் விவரங்களைத் தொகுத்து 2010-இல் வெளிவந்த ஒரு மதிப்பீடு, நூற்றுக்குச் சுமார் 16 பேருக்கு ஏதேனும் ஓர் உபாதை நேர்ந்ததாகக் காட்டியது. கழுத்துப் பகுதியில் அது ஏறக்குறைய 9 ஆகவும், மார்பு, இடுப்புப் பகுதிகளில் ஏறக்குறைய 18 ஆகவும் இருந்தது. அதே தொகுப்பில், பழைய ஏடுகளைப் புரட்டி எழுதிய ஆய்வுகளைவிட, முன்கூட்டியே திட்டமிட்டு நோயாளிகளைத் தொடர்ந்து கவனித்த ஆய்வுகளில் உபாதைகள் கூடுதலாகவே பதிவாகியிருந்தன. வான்கூவர் நகரில் பெரிய முதுகெலும்பு சிகிச்சைகளுக்கு உள்ளான 942 நோயாளிகளை ஒருவர் விடாமல், சிகிச்சை நடந்த அன்றன்றே குறித்துவைத்துப் பார்த்தபோதோ, நூற்றுக்கு 87 பேருக்குச் சிறிதோ பெரிதோ ஓர் உபாதை நேர்ந்திருந்தது 2012-இல் வெளியாயிற்று. 16-க்கும் 87-க்கும் உள்ள தூரத்தை வைத்தியர்களின் கைத்திறனில் உள்ள வேற்றுமையாகக் கொள்ள இயலாது. எந்தச் சங்கடத்தை உபாதை என்று கணக்கில் சேர்ப்பது, அதை யார் எப்பொழுது குறிப்பது என்னும் இரண்டுமே அந்த இடைவெளியில் பெரும்பங்கை நிரப்புகின்றன.

இவ்வுபாதைகளில் சில உடனே வெளிப்படுவன. சில பல ஆண்டுகள் பதுங்கியிருந்து தலைகாட்டுவன. தண்டுவடத்தைச் சூழ்ந்த உறை கிழிந்து அதனுள் இருக்கும் திரவம் கசிவது முதல் வகையில் அடிக்கடி நேர்வது. முதுகுத்தண்டின் கால்வாய் குறுகியவர்களுக்குச் செய்யும் சிகிச்சையில் நூற்றுக்கு 9 பேருக்கு இது நேர்ந்ததாக அமெரிக்காவின் ஒரு பெரிய ஆய்வு கூறுகிறது. அப்பொழுதே கண்டுபிடித்துச் சீராகத் தைத்துவிட்டால் நாளடைவில் இதனால் பெருந்தீங்கு விளைவதில்லை என்பதையும் அதே ஆய்வின் நீண்டகாலப் பதிவுகள் காட்டின. காயத்தில் சீழ் பிடித்தல், காலின் இரத்தநாளங்களில் கட்டி உறைந்து அது நுரையீரலுக்குச் செல்லுதல், திருகாணி வழிதவறி நரம்பைத் தொடுதல், குறித்த கண்ணிக்குப் பதில் அடுத்த கண்ணியைத் திறந்துவிடுதல் ஆகியவை பிற. பல மணி நேரம் குப்புறப் படுக்கவைத்துச் செய்யும் நீண்ட சிகிச்சைகளில், பார்வை நரம்புக்கு இரத்தம் குன்றிக் கண்பார்வையே போய்விடுவது மிக அரிதாயினும், முன்னதாகவே நோயாளிக்குச் சொல்லியாக வேண்டிய அபாயமாகும்.

டிஸ்க் விலகலும் காத்திருத்தலும்

முள்ளெலும்புகளுக்கு நடுவேயுள்ள டிஸ்க் பிதுங்கி நரம்பை நெருக்குவதே காலுக்கு இறங்கும் வலிக்குக் காரணம் என்பதை மிக்ஸ்டர், பார் என்ற இரு பாஸ்டன் வைத்தியர்கள் 1934-இல் வெளியிட்ட கட்டுரை உலகுக்கு உணர்த்திற்று. காரணம் கண்கூடாகத் தெரிந்துவிட்டபடியால், அதை வெட்டி எடுப்பதே பரிகாரம் என்ற முடிவுக்கு வைத்தியர்கள் விரைந்து வந்தது இயல்பே. ஆனால், பிதுங்கிய டிஸ்க் பல நோயாளிகளில் தானாகவே வற்றிச் சுருங்குகிறது என்பதும், வலி பெரும்பாலும் அதற்கும் முன்பே அடங்கிவிடுகிறது என்பதும் பிற்காலத்தில்தான் தெளிவாயின. ஆகவே, ரண சிகிச்சைக்குப் பின் வலி நீங்கியது என்பது மாத்திரம் அச்சிகிச்சையின் வெற்றிக்குச் சான்றாகாது. அது செய்யப்படாதிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதையும் அறிந்தாக வேண்டும்.

இதை அறிய முயன்ற முன்னோடிகளுள் நார்வே நாட்டு ஹென்ரிக் வேபர் ஒருவர். அவர் 1983-இல் வெளியிட்ட முடிவுகளின்படி, யாருக்கு எது என்பதைத் தற்செயல் முறையில் தீர்மானித்து இரு பிரிவாக்கப்பட்ட 126 நோயாளிகளில், ஓராண்டின் இறுதியில் ரண சிகிச்சை பெற்றவர்களின் நிலை மேலாயிருந்தது. நான்காம் ஆண்டில் அந்த வேற்றுமை பெரிதும் குறைந்துபோயிற்று. பத்தாம் ஆண்டில் ஏறத்தாழ மறைந்தே விட்டது. நெதர்லாந்தில் 283 நோயாளிகளைக் கொண்டு நடத்தி 2007-இல் வெளியான ஆய்வும் இதற்கு இசைவாகவே அமைந்தது. முன்கூட்டியே ரண சிகிச்சை பெற்றவர்கள் விரைவில் வலி நீங்கினார்கள்; ஓராண்டு கழிந்தபோது இரு பிரிவிலும் நூற்றுக்கு 95 பேர் குணமடைந்ததாகவே உணர்ந்தார்கள். எனினும், காத்திருக்கச் சொல்லப்பட்டவர்களிலும் நூற்றுக்கு 39 பேர் வலி பொறாமல் இடையில் ரண சிகிச்சையை நாடினார்கள் என்பதையும் சேர்த்தே படிக்க வேண்டும்.

அமெரிக்காவின் 11 மாநிலங்களில் 13 மருத்துவ நிலையங்கள் கூடி நடத்திய ஸ்போர்ட் ஆய்வில் இந்தச் சிக்கல் இன்னும் கடுமையாக வெளிப்பட்டது. தற்செயல் முறையில் பங்கிடப்பட்ட 501 பேரில், கத்திக்கென்று ஒதுக்கப்பட்டவர்களில் நூற்றுக்கு 60 பேரே இரண்டாண்டுகளுக்குள் அதைச் செய்துகொண்டார்கள். வேண்டாம் என்று ஒதுக்கப்பட்டவர்களிலும் 45 பேர் செய்துகொண்டார்கள். இப்படி இரு பிரிவினரும் ஒருவரோடொருவர் கலந்துவிட்டபடியால், ஒதுக்கிய முறைப்படி கணக்கிட்டால் வேற்றுமை சிறிதாகவும், உண்மையில் பெற்ற சிகிச்சைப்படி கணக்கிட்டால் ரண சிகிச்சைக்கு அனுகூலமாகவும் முடிவு வந்தது. அவரவர் கட்சிக்கு வேண்டிய கணக்கை எடுத்துக்கொண்டு வாதிடுவோர் இருப்பினும், நடுநிலையில் நின்று பார்ப்பவருக்குக் கிடைக்கும் செய்தி தெளிவானதே: கால்வலிக்கு டிஸ்க் சிகிச்சை விரைவான நிவாரணம் தருகிறது, காத்திருப்பதால் பெரும்பாலோருக்கு நிரந்தர நஷ்டம் இல்லை, எத்தனை வாரம் வலியைப் பொறுக்க முடியும், எவ்வளவு நாள் வேலைக்குப் போகாதிருக்க இயலும் என்ற கேள்விகளுக்கு நோயாளியே விடை சொல்ல வேண்டும். சிறுநீர், மலம் அடக்கும் சக்தி குன்றுதலும், மறைவிடத்தைச் சுற்றி மரத்துப்போதலும் தோன்றினால் மட்டும் இந்த நியாயம் செல்லாது. அது மணிக்கணக்கில் தீர்க்க வேண்டிய அவசரம்.

இணைப்புச் சிகிச்சையின் பெருக்கம்

முள்ளெலும்புகளை ஒன்றோடொன்று ஒட்டவைக்கும் இணைப்புச் சிகிச்சையை நியூயார்க்கில் ஹிப்ஸ், ஆல்பீ என்ற இருவர் 1911-இல் தனித்தனியே வெளியிட்டார்கள். அக்காலத்தில் முதுகெலும்பு க்ஷயத்தால் சரிந்துவிழும் எலும்பைத் தாங்கிப்பிடிப்பதே அதன் பிரதான நோக்கமாயிருந்தது. பிற்காலத்தில் பாரிஸ் வைத்தியர் ரோய்-கமீல் முதலானோர் முள்ளெலும்பின் தண்டு வழியே திருகாணி செலுத்தும் முறையைக் கண்டபின், எலும்பை அசையாமல் பிடிப்பது எளிதாயிற்று. எளிதானதனாலேயே அது க்ஷயம், முறிவு, விகாரம் என்ற தெளிவான காரணங்களைக் கடந்து, காரணம் திட்டமாகத் தெரியாத நெடுநாள் முதுகுவலிக்கும் பரவலாயிற்று.

இந்த விரிவாக்கத்துக்குப் பயன் இருந்ததா என்பதை இரண்டு ஐரோப்பிய ஆய்வுகள் பரிசோதித்தன. ஸ்வீடனில் 294 நோயாளிகளைக் கொண்டு 2001-இல் வெளியான ஆய்வில், இணைப்புச் சிகிச்சை பெற்றவர்களின் முதுகுவலி சராசரியாக நூற்றுக்கு 33 பங்கு குறைந்தது. மற்றவர்களுக்கு 7 பங்கே குறைந்தது. பிரிட்டனில் 349 பேரைக் கொண்டு 2005-இல் வெளியான ஆய்விலோ இரு பிரிவினருக்கும் இடையேயுள்ள வேற்றுமை மிகச் சிறியதாயிருந்தது. ஒன்றுக்கொன்று முரண்போலத் தோன்றும் இம்முடிவுகளுக்குக் காரணம் ரண சிகிச்சையில் இல்லை. அதனோடு ஒப்பிட எடுத்துக்கொண்ட சிகிச்சையில் இருக்கிறது. ஸ்வீடனில் மற்றப் பிரிவினர் வழக்கமான பிசியோதெரபியையே பெற்றார்கள். பிரிட்டனிலோ தீவிரமான தேகப்பயிற்சியும், வலியைக் குறித்த அச்சத்தைப் போக்கும் மனப்பயிற்சியும் சேர்ந்த ஒழுங்கான திட்டத்தில் வைக்கப்பட்டார்கள். கத்தியின் பெருமை அது எதனோடு போட்டியிடுகிறது என்பதைச் சார்ந்திருக்கிறது. நல்ல மறுவாழ்வுப் பயிற்சி கிடைக்காத இடத்தில் ரண சிகிச்சை சிறந்ததாகத் தோன்றுவது வியப்பன்று.

முதியோருக்கு முதுகுத்தண்டின் கால்வாய் குறுகுவதால் நடக்க நடக்கக் கால் கனத்து உட்காரவேண்டி வரும் நோயில், நெருக்குதலை மட்டும் நீக்கினால் போதுமா, இணைப்பும் வேண்டுமா என்ற விவாதம் நெடுநாள் நடந்தது. 2016-இல் ஸ்வீடனிலிருந்து 247 பேரையும், 2021-இல் நார்வேயிலிருந்து 267 பேரையும் கொண்டு வெளிவந்த ஆய்வுகள், முள்ளெலும்பு சிறிது முன்னே சரிந்திருந்த நோயாளிகளில்கூட இணைப்பினால் தனிப்பட்ட ஆதாயம் காணவில்லை. 66 பேரை மட்டும் கொண்ட ஓர் அமெரிக்க ஆய்வு சிறிது ஆதாயம் கண்டது. ஆனால் அவற்றுக்கு முன்பே நடைமுறை எந்தத் திசையில் சென்றிருந்தது? அமெரிக்க முதியோர் காப்புறுதித் திட்டமான மெடிகேரின் பதிவுகளை ஆராய்ந்த ரிச்சர்ட் டேயோ குழுவினர், இந்நோய்க்குச் செய்யும் சிக்கலான இணைப்புச் சிகிச்சைகள் 2002-இல் லட்சத்துக்கு 1.3 ஆக இருந்து 2007-இல் 19.9 ஆகப் பெருகியதையும், உயிருக்கு ஆபத்தான உபாதைகள் நெருக்கு நீக்கலில் நூற்றுக்கு 2.3 ஆகவும் சிக்கலான இணைப்பில் 5.6 ஆகவும் இருந்ததையும் 2010-இல் வெளியிட்டார்கள். பிற்காலச் சான்று காட்டிய திசைக்கு மாறாக வழக்கம் ஓடியதற்கு, புதிய கருவிகளின் கவர்ச்சியும் கட்டண விகிதங்களும் காரணமாகச் சொல்லப்பட்டன.

எலும்பு வளர்ச்சியைத் தூண்டும் புரதமாகிய பிஎம்பி-யின் வரலாறு இதைவிடக் கசப்பான பாடம். இணைப்புக்கு வேண்டிய எலும்பைப் பொதுவாக நோயாளியின் இடுப்பு முகட்டிலிருந்தே செதுக்கி எடுப்பார்கள்; எடுத்த இடம் சிலருக்கு நெடுநாள் வலிக்கும். அந்த வலியைத் தவிர்க்க வல்லதென்று வந்த இப்புரதத்தை அமெரிக்க அரசு 2002-இல் அங்கீகரித்தது. 2008-இல், கழுத்தில் இதை வைத்தால் வீக்கம் மூச்சுக்குழலை அடைக்கக்கூடும் என்ற எச்சரிக்கை வந்தது. உற்பத்தியாளரின் உதவியோடு நடந்த 13 ஆய்வுகளில் 780 நோயாளிகளுக்கும் இப்புரதத்தால் ஒரு கெடுதியும் நேரவில்லை என்று எழுதப்பட்டிருக்க, 2011-இல் யூஜின் காரகீயும் அவரது சகாக்களும், மூலப் பதிவுகளின்படி, உபயோகித்த இடத்துக்கேற்ப நூற்றுக்கு 10 முதல் 50 வரை உபாதைகள் இருந்ததாகக் காட்டினார்கள். முழு விவரங்களும் வெளியாரிடம் ஒப்படைக்கப்பட்டு 2013-இல் மறுபடி ஆராயப்பட்டபோது, சொந்த எலும்பைவிட இது குறிப்பிடத்தக்க மேன்மை உடையதென்று நிறுவ முடியவில்லை. நொறுங்கிய முள்ளெலும்பில் சிமெண்டு செலுத்தும் முறையும் அவ்வாறே. பல்லாண்டுகள் புகழப்பட்ட பின், 2009-இல் போலிச் சிகிச்சையோடு ஒப்பிட்ட இரண்டு ஆய்வுகளிலும் அதற்கு மேலான பயன் காணப்படவில்லை.

இணைப்பு வெற்றியாக ஒட்டிக்கொண்டாலும் கதை முடிவதில்லை. ஒட்டிய கண்ணி அசையாமையால் அதற்கு மேலும் கீழும் உள்ளவை கூடுதல் பாரத்தைச் சுமக்கின்றன. கழுத்தில் இணைப்புச் செய்துகொண்ட 374 பேரைப் பின்தொடர்ந்து ஹிலிபிராண்டு குழுவினர் 1999-இல் எழுதியபடி, ஆண்டுக்கு நூற்றுக்குச் சுமார் 3 பேர் வீதம் அடுத்த கண்ணியில் புதிய நோய்க்குறி தோன்றியது. பத்தாண்டுகளில் நால்வரில் ஒருவருக்கு அது நேரும் என்று மதிப்பிட்டார்கள். இதில் இயற்கையான தேய்மானத்தின் பங்கு எவ்வளவு, இணைப்பின் பங்கு எவ்வளவு என்ற வாதம் இன்னும் ஓயவில்லை. மறுபக்கம், எலும்பு ஒட்டாமலே போவதும் உண்டு. புகைபிடிப்போரிடம் அது அதிகம்.

அவசியம் தெளிவான இடங்கள்

இதுவரை கூறியவற்றால் முதுகெலும்பு ரண சிகிச்சையே வீண் என்று முடிவுகட்டுவது பெரும் அநியாயமாகும். புற்றுநோய் பரவித் தண்டுவடம் நெருக்குண்ட 101 நோயாளிகளிடம் பேட்செல் குழுவினர் நடத்தி 2005-இல் வெளியிட்ட ஆய்வு, ரண சிகிச்சையோடு கதிர்வீச்சும் பெற்றவர்களில் நூற்றுக்கு 84 பேர் நடக்க முடிந்ததையும், கதிர்வீச்சு மட்டும் பெற்றவர்களில் 57 பேரே நடக்க முடிந்ததையும் காட்டிற்று. வேற்றுமை அவ்வளவு வெளிப்படையாக இருந்தபடியால் ஆய்வே இடையில் நிறுத்தப்பட்டது. கழுத்துத் தண்டுவடம் விபத்தில் நசுங்கியவர்களுக்கு 24 மணி நேரத்துக்குள் நெருக்குதலை நீக்கினால், நரம்பு நிலையில் இரண்டு படிகளோ அதற்கு மேலோ முன்னேறுவோர் நூற்றுக்குச் சுமார் 20 என்றும், பிந்திச் செய்தால் 9 என்றும் 2012-இல் வந்த ஆய்வு கூறியது. அது தற்செயல் முறையில் பங்கிட்டு நடத்தப்பட்டதன்று எனினும், உலகெங்கும் வழக்கத்தை மாற்றியது.

முதுகு பக்கவாட்டில் வளைந்து திருகும் விகாரத்திலும் ரண சிகிச்சையின் இடம் உறுதியானது. இளம்பிள்ளை வாதம் பரவிய காலத்தில் ஹூஸ்டன் நகரத்தில் பால் ஹாரிங்டன் வடிவமைத்து, 1962-இல் விவரித்து எழுதிய எஃகுக் கம்பி, அதுவரை மாதக்கணக்கில் பிளாஸ்டர் உறைக்குள் கிடந்த குழந்தைகளுக்குப் பெரும் விடுதலை அளித்தது. ஆயினும் அக்கம்பி வளைவை நிமிர்த்தும்போது, இடுப்பில் இயற்கையாக இருக்கவேண்டிய முன்வளைவையும் சேர்த்து நிமிர்த்திவிட்டது. இருபது முப்பது ஆண்டுகள் கழித்து, முன்னே சாய்ந்து முழங்கால் மடக்கியே நிற்கவேண்டிய நிலைக்குப் பலர் வந்தார்கள். எக்ஸ்-ரே படத்தில் கண்ட வெற்றி நோயாளியின் நடு வயதில் தோல்வியாக மாறியதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் இல்லை. நிமிர்த்தும்போது தண்டுவடம் இழுபடாமலிருக்க, நோயாளியை நடுவில் மயக்கம் தெளியச்செய்து கால் விரலை அசைக்கச் சொல்லும் சோதனையை பிரெஞ்சு வைத்தியர் ஸ்டாக்னாராவின் குழுவினர் 1973-இல் வகுத்தார்கள்; இன்று மின் சமிக்ஞைகளால் நரம்பின் நிலையை இடைவிடாது கண்காணிக்கிறார்கள். அவ்வளவு காவல் இருந்தும், வயதுவந்தோரின் கடும் விகாரங்களுக்குச் சிகிச்சை பெற்ற 272 பேரில், வீடு திரும்பும் வேளையில் நூற்றுக்கு 22 பேரின் கால்வலு குறைந்திருந்தது. ஆறு மாதத்தில் அது சுமார் 11-ஆக இறங்கிற்று.

சென்னையின் பங்கு

முதுகெலும்பு க்ஷயத்தால் கூனும் கால் செயலிழப்பும் உண்டாவதை லண்டன் வைத்தியர் பெர்சிவால் பாட் 1779-இல் விவரித்தார். ஹாங்காங்கில் ஹாட்சன், ஸ்டாக் இருவரும் 1956-இல், நோயுற்ற எலும்பை முன்புறமாகச் சென்று முழுவதும் அகற்றி விலா எலும்பையோ இடுப்பெலும்பையோ பதிக்கும் துணிச்சலான சிகிச்சையை வெளியிட்டபோது, இனி இந்நோய்க்குக் கத்தியே கதி என்று பலர் எண்ணினார்கள். பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் குழு ஹாங்காங், கொரியா, ரோடீஷியா ஆகிய இடங்களில் நடத்திய தொடர் ஆய்வுகள் அந்த எண்ணத்தைப் படிப்படியாகத் திருத்தின. படுக்கையில் நீட்டிக் கிடத்துவதாலும் பிளாஸ்டர் அங்கியாலும் கூடுதல் பயன் இல்லை என்பது கொரிய ஆய்வுகளில் தெரிந்தது; ஹாங்காங் முறையால் எலும்பு விரைவில் ஒட்டிக் கூனும் குறைவாயிருந்தது என்பதும் உண்மையாகவே நின்றது.

இதன் அடுத்த அத்தியாயம் சென்னையில் எழுதப்பட்டது. க்ஷயரோகியை வீட்டிலேயே வைத்து மருந்து கொடுத்தாலும் சானடோரியத்தில் பெறும் குணத்தைப் பெறலாம் என்று 1959-இல் உலகுக்குக் காட்டிய நிலையமே, கால் செயலிழக்காத முதுகெலும்பு க்ஷயரோகிகளிடமும் ஒரு பரீட்சை நடத்தியது. ஒரு பிரிவினருக்கு ஹாங்காங் முறை ரண சிகிச்சையும் ஆறு மாத மருந்தும். இரண்டாம் பிரிவினருக்கு நடமாடிக்கொண்டே ஆறு மாத மருந்து. மூன்றாம் பிரிவினருக்கு ஒன்பது மாத மருந்து. பத்தாண்டுகளுக்குப் பின், முறையே நூற்றுக்கு 90, 94, 99 பேர் நல்ல நிலையில் இருந்ததாக 1999-இல் முடிவு வெளியாயிற்று. ஐசோனியாசிடும் ரிஃபாம்பிசினும் ஒழுங்காக உட்கொண்டால், செயலிழப்பு இல்லாத பெரும்பாலோருக்குக் கத்தி வேண்டியதில்லை என்பது இதனால் உறுதியாயிற்று. எனினும் அதே அறிக்கை ஒரு விலக்கையும் தெளிவாகக் குறித்தது: 15 வயதுக்குட்பட்டு, தொடக்கத்திலேயே 30 பாகைக்கு மேல் கூன் விழுந்த குழந்தைகளுக்கு மருந்தால் நோய் அடங்கினாலும் கூன் பெருகியது.

அந்த விலக்கைப் பின்தொடர்ந்தவர் கோயம்புத்தூரின் எஸ். ராஜசேகரன். ரண சிகிச்சையின்றிக் குணமான 61 குழந்தைகளை 15 ஆண்டுகள் கவனித்து அவர் 2001-இல் எழுதியதன்படி, நோய் தீர்ந்தபின்னும் வளர்ச்சிக் காலத்தில் 39 சதவிகிதத்தாரின் கூன் அதிகரித்தது. 44 சதவிகிதத்தாருக்குத் தானே குறைந்தது. மற்றவர்களுக்கு மாறுதல் சொற்பம். எந்தக் குழந்தைக்கு அதிகரிக்கும் என்பதை முன்கூட்டியே காட்டும் நான்கு எக்ஸ்-ரே அடையாளங்களையும் அவர் வகுத்தார். வாரணாசியின் எலும்பு வைத்தியர் துலி 1975-இல் வெளியிட்ட நடுவழிக் கொள்கையும் இதே நோக்குடையது: மருந்தை எல்லோருக்கும், கத்தியை அது இன்றியமையாத சிலருக்கு. எந்த நோயாளிக்கு வேண்டும் என்பதைத் தேர்ந்தறிவதே பயனை நிர்ணயிக்கிறது என்ற உண்மைக்கு, டிஸ்க் ஆய்வுகளைவிட இந்த க்ஷய ஆய்வுகள் தெளிவான சாட்சி.

இடுப்பெலும்பில் துல்லியத்தின் விலை

இடுப்பு வளையம் எளிதில் உடைவதன்று; வாகன மோதல், உயரத்திலிருந்து விழுதல் போன்ற பெரு வலிமை தாக்கினாலே பெரும்பாலும் உடையும். ஆகையால் முதல் ஆபத்து எலும்பில் இல்லை. முதுகெலும்பின் அடியில் இடுப்பு வளையத்தோடு சேரும் எலும்பாகிய திரிகத்துக்கு முன்னுள்ள சிரைகளிலும் தமனிக் கிளைகளிலுமிருந்து பெருகும் இரத்தத்தில் இருக்கிறது. தொடையெலும்பின் மேல்முனைகளுக்கு நேராகத் துணியாலோ பட்டையாலோ இறுகக் கட்டுதல், வெளியிலிருந்து சட்டமிட்டு நிறுத்துதல், உள்ளே துணி திணித்தல், இரத்தநாளத்தை அடைத்தல் ஆகியவை உயிரைக் காக்கும் படிகள். பிறகே எலும்பைப் பொருத்தும் பேச்சு. அதற்கிடையில் இரத்தக்கட்டின் பயமும் உண்டு; டொரான்டோவில் தடுப்பு மருந்து கொடுக்கப்படாத விபத்து நோயாளிகளிடம் 1994-இல் வெளியான ஆய்வில், இடுப்பெலும்பு உடைந்தவர்களில் நூற்றுக்கு 61 பேருக்குக் கால் சிரைகளில் கட்டி இருந்தது தெரிந்தபின், தடுப்பு முறை எங்கும் விதியாயிற்று.

இங்கே நரம்புச் சேதம் பெரும்பாலும் விபத்தின் விளைவே என்பதைக் கவனிக்க வேண்டும். 236 திரிக முறிவுகளை ஆராய்ந்து டெனிஸ் குழுவினர் 1988-இல் வகுத்தபடி, நரம்புத் துளைகளுக்கு வெளியே முறிந்தால் நூற்றுக்குச் சுமார் 6 பேருக்கும், துளைகளின் வழியே முறிந்தால் 28 பேருக்கும், நடுவே கால்வாயில் முறிந்தால் 57 பேருக்கும் நரம்பு பாதிக்கப்பட்டிருந்தது. தோலில் சிறு துளையிட்டுத் திருகாணி செலுத்தி வளையத்தை நிறுத்தும் முறை காயத்தைக் குறைத்தது உண்மை. ஆனால் திரிகத்தின் வடிவம் பிறவியிலேயே மாறுபட்டிருப்பவர்களில் ஆணி செல்லும் பாதை குறுகியதாதலால், ஐந்தாம் இடுப்பு நரம்பு இடர்ப்படும். எலும்பு செவ்வனே ஒட்டிய பின்னும், சிறுநீர்க்குழாய்ச் சேதம், தாம்பத்திய உறவில் வலி, உட்காரும்போது இடுப்பின் இருபுறமும் சமமாக இராமை என்று நோயாளிகள் கூறும் குறைகள் எக்ஸ்-ரேயில் தெரிவதில்லை. அவற்றைக் கேட்டறியாத மதிப்பீடு அரைகுறையானதே.

தொடையெலும்பின் தலை அமரும் கிண்ணம் உடைவதை ஒரு தனிச் சாஸ்திரமாக்கியவர்கள் பாரிஸின் ழுடே, லெதூர்னெல் இருவரும். அவர்கள் 1964-இல் வெளியிட்ட வகைப்பாடு இன்றும் வழக்கில் உள்ளது. இங்கே பயன் மில்லிமீட்டரில் அளக்கப்படுகிறது. அமெரிக்கரான ஜோயல் மாட்டா, மூன்று வாரத்துக்குள் சிகிச்சை பெற்ற 262 முறிவுகளில், ஒரு மில்லிமீட்டருக்கு மேல் விலகல் இல்லாமல் பொருந்தியவை 71 சதவிகிதம் என்றும், நல்ல அல்லது மிக நல்ல நிலையை அடைந்தவை 76 சதவிகிதம் என்றும் 1996-இல் எழுதினார். பொருத்தம் குறையக் குறையப் பயனும் குறைந்தது. பிற்பாடு 816 முறிவுகளாக வளர்ந்த அத்தொகுப்பில், இருபதாம் ஆண்டிலும் 79 சதவிகித மூட்டுகள் மாற்றப்படாமல் நிலைத்திருக்கும் என்று கணக்கிடப்பட்டது. உபாதைகளைப் பற்றி, 3,670 முறிவுகளைத் தொகுத்து கியானூடிஸ் குழுவினர் 2005-இல் எழுதிய மதிப்பீடே இன்றும் எடுத்தாளப்படுகிறது: மூட்டுத் தேய்மானம் நூற்றுக்குச் சுமார் 20, தசைக்குள் வேண்டாத எலும்பு வளர்தலும், தொடைத்தலை இரத்தமின்றி மடிதலும் பத்துக்குக் குறைவு, சிகிச்சையின்போதே நரம்பு பாதிக்கப்படுதல் 8, சீழ்ப்பிடித்தல் 4-க்குச் சற்று மேல்.

இந்த எண்களுக்குப் பின்னால் கைத்தொழில் நுட்பங்கள் பல உண்டு. பின்புறமாகத் திறக்கும்போது முழங்காலை மடக்கியும் இடுப்பை நீட்டியும் வைப்பது பெருந்தொடை நரம்பை இழுபடாமல் காக்கிறது. வேண்டாத எலும்பு வளராமலிருக்கக் கொடுக்கும் இண்டோமெதசின், வேண்டிய எலும்பும் ஒட்டாமல் தடுக்கக்கூடும் என்பது பின்னர் தெரிந்தது. ஓர் உபாதையைத் தவிர்க்கச் செய்யும் ஏற்பாடே மற்றொன்றுக்கு வித்தாவது இத்துறையில் அடிக்கடி காணும் நிகழ்ச்சி. பிறவியில் கிண்ணம் ஆழமற்றவர்களுக்கு பெர்ன் நகரின் கான்ஸ் 1988-இல் விவரித்த, கிண்ணத்தைச் சுற்றி வெட்டித் திருப்பிப் பொருத்தும் சிகிச்சையும் கவனத்துக்குரியது. முதல் நோயாளிகளின் மூட்டுகளில் 60 சதவிகிதம் இருபதாண்டிலும், 29 சதவிகிதம் முப்பதாண்டிலும் காப்பாற்றப்பட்டிருந்தன. இளமையில் செய்துகொண்டவருக்குச் செயற்கை மூட்டைப் பல ஆண்டுகள் தள்ளிப்போட்டதே இங்கு வெற்றி என்பதால், காலத்தோடு சேர்த்தே அந்த எண்ணைப் படிக்க வேண்டும்.

இரண்டும் சேரும் இடம்

நாம் நாற்காலியில் உட்காரும்போது இடுப்பெலும்பு பின்னே சாய்ந்து, கிண்ணத்தின் வாய் முன்புறம் அகன்று, தொடை மடங்க இடம் கொடுக்கிறது. கீழ் முதுகில் இணைப்புச் செய்துகொண்டவருக்கு இந்தச் சாய்வு குறைந்துவிடுகிறது. அவருக்குச் செயற்கை இடுப்பு மூட்டு பொருத்தினால், உட்கார்ந்து எழும் சாதாரண அசைவிலேயே அது விலகும் அபாயம் மற்றவர்களைவிட அதிகம்; இணைத்த கண்ணிகள் கூடக்கூட அபாயமும் கூடுகிறது. இடுப்பின் வடிவத்துக்கு ஏற்ற முன்வளைவு முதுகுக்கு வேண்டும் என்ற கணக்கை, பிரெஞ்சு ஆராய்ச்சியாளர் துவால்-போப்பேர் 1992-இல் அளவிட்டுக் காட்டினார். ஹாரிங்டன் கம்பியின் தோல்வி ஏன் நேர்ந்தது என்பதும் அதனால் விளங்கிற்று. முதுகு வைத்தியரும் இடுப்பு வைத்தியரும் தனித்தனியே பெற்ற வெற்றிகள் ஒரே தேகத்தில் ஒன்றையொன்று கெடுக்கலாம் என்பதால், இருவருடைய கணக்கையும் ஒரே ஏட்டில் எழுதவேண்டிய காலம் வந்திருக்கிறது.

முடிவுரை

இவற்றையெல்லாம் திரட்டிப் பார்க்கையில், காரணம் எவ்வளவு தெளிவோ அவ்வளவு பயனும் நிச்சயம் என்ற நியதி புலப்படுகிறது. தண்டுவட நெருக்கம், நிலைகுலைந்த முறிவு, வளரும் விகாரம், இடம்பெயர்ந்த கிண்ணம் ஆகியவற்றில் ரண சிகிச்சை தரும் நன்மை அதன் அபாயத்தை மிஞ்சுகிறது. டிஸ்க் விலகலில் அது காலத்தை மிச்சப்படுத்துகிறது. காரணம் மங்கலான முதுகுவலியில் நன்மை சுருங்க, அபாயமோ உலோகத்தின் அளவோடு பெருகுகிறது.

ஆதலால் நோயாளி தம் வைத்தியரிடம் கேட்கத் தக்கவை மூன்று: இந்தச் சிகிச்சையைச் செய்யாவிட்டால் எனக்கு என்ன ஆகும், இதைவிடச் சிறிய சிகிச்சை போதாதா, உங்களிடம் இதே சிகிச்சை பெற்றவர்கள் ஐந்தாண்டு கழித்து எப்படி இருக்கிறார்கள்? முதல் இரண்டுக்கும் விடையளிக்க மேற்சொன்ன ஆய்வுகள் உதவும். மூன்றாவதற்கு ஒவ்வொரு மருத்துவமனையும் தன் நோயாளிகளைத் தானே பின்தொடர்ந்திருக்க வேண்டும். ஸ்வீடன் 1990-களிலிருந்து முதுகெலும்பு சிகிச்சைகளுக்கு நாடு தழுவிய பதிவேடு வைத்து, நோயாளியின் வாய்மொழியையே அளவுகோலாகக் கொண்டு வருகிறது. அத்தகைய பதிவேட்டைச் சட்டத்தின் வற்புறுத்தலாலோ தொழில் தர்மத்தாலோ எல்லா நாடுகளும் ஏற்படுத்திக்கொள்ளும் வரையில், மூன்றாவது கேள்விக்கு வைத்தியரின் ஞாபகமே விடையாக இருக்கும். ஞாபகம் குணமானவர்களை நினைவில் வைத்து, திரும்பி வராதவர்களை மறந்துவிடும் இயல்புடையது.